ஆர்ட்டிகிள் பாடத்துக்குத் தமிழ் ஐயாவையும் கூப்பிடுங்கள்!



ஏ, ஆன், த. இந்த மூன்று குட்டிச் சொற்களை நாம் தொடக்கப்பள்ளியிலிருந்து படித்துக்கொண்டு வருகிறோம். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் அதே கோடு போட்ட இடங்கள், அதே 'ஆன் ஆப்பிள்', அதே 'ஆன் எக்', அதே 'த சன்'. பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் முழு மார்க் வாங்கிவிடுகிறோம். அதே விடைத்தாளில் இரண்டு பக்கம் தள்ளி, லீவ் லெட்டர் எழுதச் சொன்ன இடத்தைப் பாருங்கள். ஒரு ஆர்ட்டிகிள் கூட இருக்காது. இல்லையென்றால் வேண்டாத இடத்தில் எல்லாம் 'த' உட்கார்ந்திருக்கும்.

இதற்கு எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள். "தமிழ்ல ஆர்ட்டிகிளே கிடையாது. அதனாலதான் தமிழ் மீடியம் பசங்களுக்கு வரமாட்டேங்குது." இதைக் கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிட்டோம். இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. ஆர்ட்டிகிள் என்று தனியாக ஒரு சொல்வகை தமிழில் இல்லைதான். ஆனால் ஆர்ட்டிகிள் செய்கிற வேலை தமிழில் இருக்கிறது. அதை நாம் பால்வாடி வயசிலிருந்தே தப்பில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம். யாரும் அதை நமக்குக் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தப் பாடத்தின் முதல் இரண்டு பீரியடைத் தமிழ் ஐயாவிடம் கொடுங்கள் என்று கேட்கிறேன். சிரிக்காதீங்க, காரணத்தைச் சொல்றேன்.

முதலில் ஏ, ஆன். இங்கிலீஷில் இந்த இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. பழைய இங்கிலீஷில் 'ஒன்று' என்பதற்கு இருந்த சொல்தான் இவற்றுக்கு மூலம். மூத்தது 'ஆன்'. மெய் ஒலிக்கு முன்னால் வரும்போது கடைசி 'ன்' நாளடைவில் தேய்ந்து 'ஏ' ஆகிவிட்டது. இப்போது தமிழைப் பாருங்கள். ஒரு மரம், ஓர் ஊர். ஒரு பசு, ஓர் ஆடு. இங்கேயும் மூலம் 'ஒன்று'தான். இங்கேயும் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ஒரு உருவம், மெய்யில் தொடங்கினால் இன்னொரு உருவம். தொல்காப்பியம் காலத்திலேயே இந்த விதி இருக்கிறது. இரண்டு மொழிக்கும் சொந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. 'ஓர் ஆடு' சொல்லத் தெரிந்தவனுக்கு 'ஆன் ஆப்பிள்' புதுசே கிடையாது. (பேச்சில் நாம் எல்லாவற்றுக்கும் 'ஒரு' போடுகிறோம் என்பது வேறு விஷயம். அது தமிழ் ஐயாவின் கவலை!)

இங்கேதான் ஒரு பெரிய குளறுபடி நடக்கிறது. நமக்குச் சொல்லித்தருகிற விதி இது: இருபத்தாறு எழுத்தில் ஐந்து எழுத்து வவல், அந்த ஐந்துக்கு முன்னால் ஆன் போடு. இதை நம்பி 'யூனிவர்சிட்டி'க்கு ஆன் போட்டால் தப்பு. 'அவர்' என்ற 60 நிமிஷச் சொல்லுக்கு ஏ போட்டாலும் தப்பு. உடனே "அதெல்லாம் எக்ஸப்ஷன், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று ஒரு பட்டியல் வருகிறது. உண்மையில் அது விதிவிலக்கே இல்லை. விதி எழுத்தைப் பற்றியது அல்ல, ஒலியைப் பற்றியது. வாயில் முதலில் வருவது உயிர் ஒலியா, மெய் ஒலியா? அது ஒன்றுதான் கேள்வி.

இங்கிலீஷ் எழுத்து ஒலியைச் சரியாகக் காட்டாது. தமிழ் எழுத்து காட்டும். அதனால் சந்தேகம் வந்தால் அந்த இங்கிலீஷ் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து அ முதல் ஔ வரைக்கும் உள்ள பன்னிரண்டில் ஒன்றா? ஆன் போடுங்கள். உயிர்மெய்யா? ஏ போடுங்கள். யூனிவர்சிட்டி: 'யூ' உயிர்மெய், ஆகவே ஏ. யூனிஃபார்ம், யூஸ்ஃபுல், யூரோப்பியன் எல்லாம் அப்படியே. அம்ப்ரெல்லா: 'அ' உயிர், ஆகவே ஆன். ஆனஸ்ட், ஆனர் இரண்டுக்கும் இங்கிலீஷில் முதலில் நிற்கிற எழுத்து வாயைத் திறக்காது. தமிழில் எழுதும்போது அது காணாமலே போய்விடும். ஆகவே ஆன்.

இந்தச் சோதனை சுருக்கெழுத்துக்கு இன்னும் அருமையாக வேலை செய்கிறது. எம்.எல்.ஏ. என்று எழுதுங்கள். 'எ' உயிர், ஆன் எம்.எல்.ஏ. எஃப்.ஐ.ஆர்., எஸ்.எம்.எஸ்., எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் ஆன். வி.ஏ.ஓ., யு.பி.எஸ். இரண்டுக்கும் ஏ. நம் பள்ளியில் தலைமையாசிரியரை 'எச்.எம்.' என்கிறோம், அதனால் ஆன் எச்.எம். 'ஹெச்.எம்.' என்று உச்சரிக்கிற ஊர்க்காரர்கள் ஏ ஹெச்.எம். என்று சொன்னால் அதுவும் அவர்கள் வாய்க்குச் சரிதான். எழுத்து விதி இதையெல்லாம் விளக்கவே விளக்காது.

ஒரு எச்சரிக்கை. நாம் பேசும்போது எட்டை 'யெட்டு' என்றும் ஒண்ணை 'வொண்ணு' என்றும் சொல்கிறோம். அதே பழக்கத்தில் எக்கை 'யெக்' என்று சொல்லிவிட்டு, "காதுல ய-னுதானே கேக்குது, அப்ப ஏ யெக்" என்று கிளம்பிவிடக் கூடாது. எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். வருஷம் என்ற பொருளில் வரும் 'இயர்', காது என்ற பொருளில் வரும் 'இயர்' இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆனால் வருஷத்துக்கு ஏ, காதுக்கு ஆன். வருஷத்தைச் சொல்லும்போது முன்னால் ஒரு மெல்லிய 'ய்' இருக்கிறது. 'யியர்' என்று எழுதவேண்டும். நாம் எழுதுவதில்லை. 'எல்லோ', 'எஸ்', 'உட்', 'உல்ஃப்' இவற்றிலும் இதே சிக்கல்தான். ஏன் என்று யோசித்தால் விடை நன்னூலில் இருக்கிறது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? வகரம் உ, ஊ, ஒ, ஓ இந்த நான்கோடும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. யகரம் இகரத்தோடும் எகரத்தோடும் சேர்ந்து முதலில் வராது. அந்தப் பழக்கத்தால் நம் கை 'யெல்லோ'வை எல்லோ ஆக்குகிறது, 'வுல்ஃப்'பை உல்ஃப் ஆக்குகிறது. 'ஒன் டே மேட்ச்' கூட அந்த வகைதான். வாய் 'வன்' என்கிறது, கை 'ஒன்' என்கிறது. ஆகவே ஏ ஒன் டே மேட்ச். இப்படி ய், வ் ஒளிந்திருக்கிற சில சொற்களை மட்டும் தனியாக நினைவில் வைத்தால் போதும். காரணமே சொல்லாத பட்டியலை விட, காரணம் தெரிந்த இந்தச் சின்னப் பட்டியல் மனசில் நிற்கும்.

சுவையான ஒன்று சொல்லட்டுமா? இந்த ஏ, ஆன் விஷயத்தில் இங்கிலீஷ்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். சமையல் செய்யும்போது முன்னால் கட்டுகிற துணி 'ஏப்ரன்'. அது முதலில் 'நேப்ரன்' ஆக இருந்தது. 'ஏ நேப்ரன்' என்று வேகமாகச் சொன்னதைக் கேட்டவர்கள் 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துவிட்டார்கள். கிரிக்கெட்டில் கை தூக்குகிறாரே அம்பயர், அவரும் இப்படித்தான் தன் 'ந'வை இழந்தார். பட்டப்பெயருக்கு நேர்மாறாக நடந்தது. 'ஆன் ஈக்நேம்' என்பதில் இருந்த 'ன்' அடுத்த சொல்லோடு ஒட்டி 'ஏ நிக்நேம்' ஆகிவிட்டது. பொதுமொழி என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோமே, 'தாமரை'யையும் 'தா மரை'யையும். 'வேங்கை'யையும் 'வேம் கை'யையும்! அது தெரிந்த பிள்ளைகளுக்கு இது சொன்ன உடனே புரியும்.

இனி 'த'. பிளாங்க்ஸில் மார்க் போவது ஏ, ஆனில்தான். வாக்கியத்தில் மானம் போவது 'த'வில்தான்.

ஒரு வீட்டுச் செய்தி. "பூனை பால் குடிக்கும்." இது பொதுவான உண்மை. யாரும் பதற மாட்டார்கள். "ஐயோ, பூனை பாலைக் குடிச்சிடுச்சு!" இப்போது பாட்டி கரண்டியோடு ஓடி வருவார். ஏன்? இது உலகத்துப் பால் இல்லை, நம்ம வீட்டு அடுப்படியில் மூடி வைத்திருந்த அந்தப் பால். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே வித்தியாசம் 'ஐ'. முதல் வாக்கியத்தை இங்கிலீஷில் சொன்னால் மில்க் என்ற சொல்லுக்கு முன்னால் எதுவும் வராது. இரண்டாவதில் 'த மில்க்' வந்தே ஆகவேண்டும். இதே மாதிரிதான் "புஸ்தகம் வாங்கினேன்" என்பதும் "புஸ்தகத்தை வாங்கினேன்" என்பதும். முதலாவதைக் கேட்டால் "என்ன புஸ்தகம்?" என்று கேட்பீர்கள். இரண்டாவதைக் கேட்டால் "அப்பாடா, ஒருவழியா வாங்கிட்டியா?" என்பீர்கள். எந்தப் புஸ்தகம் என்று உங்களுக்கும் முன்பே தெரியும் என்று அர்த்தம். 'த' என்ற சொல்லின் முக்கால்வாசி இலக்கணம் இதுதான்: சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் எது என்று தெரிந்திருக்கிறது.

தமிழ் ஐயாவிடம் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு, மன்னிக்கணும். 'பால் குடித்தான்' என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, விரித்தால் 'பாலைக் குடித்தான்' என்று படிக்கிறோம். ஏதோ இரண்டும் ஒன்றே, ஐ மறைந்திருக்கிறது என்பதுபோல. இலக்கணக் குறிப்புக்கு அது சரி. ஆனால் பாட்டியின் கரண்டிக்கு அந்த இரண்டும் ஒன்றில்லை! இந்த வித்தியாசத்தை வகுப்பில் ஐந்து நிமிஷம் பேசினால் தமிழும் விளங்கும், இங்கிலீஷும் விளங்கும். (மனிதர்களைச் சொல்லும்போது இந்தச் சோதனை ஓடாது. "டீச்சரைப் பார்த்தேன்" என்றுதான் எப்போதும் சொல்லவேண்டும். "டீச்சர் பார்த்தேன்" என்றால் அபத்தம். பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

சொல் நிற்கிற இடத்தை வைத்தும் நாம் இதே வேலையைச் செய்கிறோம். "மரத்துல ஒரு குரங்கு உக்காந்திருக்கு" என்றால் புதுக் குரங்கு, இங்கிலீஷில் ஏ. "குரங்கு மரத்துல உக்காந்திருக்கு" என்றால் நாம் தேடிக்கொண்டிருந்த குரங்கு, இங்கிலீஷில் த. நாம் யாருமே இதை மாற்றிச் சொல்வதில்லை, பாருங்கள்.

ஏ முதலில், த பிறகு என்ற விதியை நமக்குச் சொல்லிக்கொடுத்தது பாட்டி கதைதான். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு..." முதல்முறை வருகிறபோது 'ஒரு', அடுத்தமுறை 'அந்த'. முதல் வாக்கியத்திலேயே "அந்த ராஜா" என்று ஆரம்பித்தால் மூன்று வயசுக் குழந்தை கூட "எந்த ராஜா?" என்று கேட்கும். இங்கிலீஷ் 'த'வும் ஒரு காலத்தில் சுட்டுச் சொல்லாக இருந்து தேய்ந்ததுதான். 'தட்' என்பதற்கு அது உறவு. நம் அகரச் சுட்டு 'அந்த' ஆனது போல அவர்கள் சுட்டு 'த' ஆனது.

ஆனால் 'த' வருகிற இடத்தில் எல்லாம் 'அந்த' போட்டு மொழிபெயர்க்காதீர்கள். "அந்தச் சூரியன் கிழக்கே உதித்தது" என்றால் மற்ற சூரியன் எங்கே என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தெரிந்ததைத் தமிழ் சும்மா விட்டுவிடும். இங்கிலீஷ் அங்கேயும் 'த' போடும். "மணி அடிச்சாச்சு", "எச்.எம். வர்றார்!" என்று நாம் கத்தும்போது எந்த மணி, எந்த எச்.எம். என்று யாரும் கேட்பதில்லை, ஓடுவதுதான் வேலை. அங்கெல்லாம் இங்கிலீஷில் த.

உச்சரிப்பிலும் ஒன்று. எல்லாவற்றுக்கும் 'தி' 'தி' என்றே படித்துவிடுகிறோம். 'த புக்', 'தி ஆப்பிள்' என்று இரண்டு விதம் உண்டு. அதற்கும் மேலே சொன்ன அதே உயிர் - மெய் சோதனைதான்.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன. ஆறுகளுக்கு த உண்டு, 'த காவேரி' என்கிறார்கள். இமயமலைத் தொடருக்கு உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை. இந்தியாவுக்கு இல்லை, நெதர்லாந்துக்கு உண்டு. உக்ரைனுக்கு முன்பெல்லாம் போட்டார்கள். 1991இல் அது தனி நாடான பிறகு, "ஏதோ ஒரு நிலப்பகுதியைச் சொல்வது போல எங்களைச் சொல்லாதீர்கள்" என்ற எண்ணத்தில் அந்நாட்டவர்கள் அதை மறுத்தார்கள், இப்போது விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் படிக்கப் போனால் 'டு ஸ்கூல்', அப்பா கையெழுத்துப் போட வந்தால் 'டு த ஸ்கூல்'. நோயாளி ஆஸ்பத்திரியில் கிடந்தால் இங்கிலாந்துக்காரர் த போட மாட்டார், அமெரிக்கர் போடுவார். இதற்கெல்லாம் படித்துப் படித்துப் பழகுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இங்கே இங்கிலீஷ் சார் வந்தே ஆகவேண்டும்.

"இங்கிலீஷை இங்கிலீஷிலேயே கற்பிக்கவேண்டும், தமிழை நடுவில் கொண்டுவந்தால் பிள்ளைகள் தமிழிலேயே யோசிப்பார்கள்" என்று சிலர் சொல்வார்கள். பேச்சுப் பயிற்சிக்கு அது சரியான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்ட்டிகிள் பேச்சுப் பயிற்சி இல்லை. 'எது என்று தெரிந்தது, எது என்று தெரியாதது' என்ற ஒரு கருத்து அது. தெரியாத மொழியில் அந்தக் கருத்தை விளக்கினால் விதி மட்டும்தான் மண்டையில் ஏறும், கருத்து வெளியிலேயே நிற்கும். பிளாங்க்ஸில் மார்க் வருவதும் லெட்டரில் வராததும் இதனால்தான். பிளாங்க்ஸில் கோடு போட்டு இடம் காட்டிவிடுகிறார்கள். லெட்டரில் இடத்தை நாமே கண்டுபிடிக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் ஒருவர் இங்கிலீஷ் செய்தி வாசிக்கிறார். ஒரு 'த' விட்டுப்போகிறது. பின்வரிசையில் களுக் என்று ஒரு சிரிப்பு. அடுத்த வாரம் வாசிக்க யாரும் பெயர் கொடுப்பதில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபிறகும் இங்கிலீஷில் வாயே திறக்காத நண்பர்கள் நம்மிடம் எத்தனை பேர்! அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. இந்த மூன்று குட்டிச் சொற்களுக்குப் பயந்து பெரிய சொற்களையும் விழுங்கிவிடுகிறார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், "ஒரு மனிதனுக்கு இது சின்ன அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல்" என்ற பொருளில் பேசினார். ஒலிப்பதிவில் 'மனிதன்' என்பதற்கு முன்னால் 'ஏ' கேட்கவில்லை. 'ஏ' இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் மனிதகுலம் என்றே அர்த்தம் வந்துவிடும். ஒரே விஷயத்தைச் சின்னது என்றும் பெரியது என்றும் சொன்னதாக ஆகும். தான் 'ஏ' சொல்லத்தான் நினைத்ததாக அவர் பிறகு கூறினார். 2006இல் ஆஸ்திரேலியர் ஒருவர் கணினியில் ஒலியை ஆராய்ந்து "ஏ இருக்கிறது" என்றார், வேறு ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. தாய்மொழியே இங்கிலீஷாக இருந்தவர் உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது விட்ட 'ஏ' அது. நம் பிரேயரில் ஒரு 'த' போனால் என்ன இப்போ?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இந்தப் பாடம் தொடங்கும்போது தமிழ் ஐயாவும் இங்கிலீஷ் சாரும் ஒரே பீரியடில் சேர்ந்து வரவேண்டும். பூனையும் பாலும் போதும், வேறு உபகரணம் தேவையில்லை. இரண்டு, பிளாங்க்ஸைக் குறைத்துவிட்டு, ஆர்ட்டிகிளே இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து எங்கெங்கே வரும் என்று எங்களையே தேடச் சொல்லுங்கள்.

நண்பர்களே, இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறோம். ஏ-வா ஆனா என்று உங்களுக்குக் குழப்பம் வந்த இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் அதில் எழுதுங்கள். மேலே சொன்ன சோதனையில் தோற்கிற சொல் யாருக்காவது கிடைத்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அதை இரண்டு ஆசிரியர்களிடமும் காட்டப் போகிறோம்.

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்